டான்யூப் ஆற்றங்கரை மிதிவண்டிப் பாதை

நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் மிதிவண்டியில் பள்ளிக்கு வருகின்றனர். பெருஞ்சாலையில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி எதிர்ப்பட்டால், வண்டியைப் புல்லில் சாய்த்து ஒதுங்கி நிற்கின்றனர். பெரும்பகுதியில் லாரியே வாராத பாதையொன்று ஐரோப்பாவில் உண்டு.

கருங்கடலில் கலக்கும் டான்யூப் ஆற்றின் நீளம் ஏறத்தாழ 2,850 கிலோமீட்டர். அதன் கரையோரமாக, ஜெர்மனியின் பாசாவ் நகரிலிருந்து ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா வரை சுமார் 300 கிலோமீட்டருக்கு அப்பாதை செல்கிறது. இவ்வளவு தொலைவிலும் நிலம் இறங்குவது ஏறத்தாழ 150 மீட்டரே. அதாவது கிலோமீட்டருக்கு அரை மீட்டர்! முதியவரும் மூச்சு வாங்காமல் செல்லலாம். மேலைக் காற்றும் பெரும்பாலும் முதுகைத் தள்ளிவிடும். வழியில் திராட்சைத் தோட்டங்கள் உண்டு. பாலமில்லாத சில இடங்களில் சிறு படகு ஆளையும் வண்டியையும் அக்கரை சேர்க்கும்.

இதனை மிதிவண்டிக்கென எவரும் அமைக்கவில்லை. நீராவிக் கப்பல் வருமுன், நீரோட்டத்தை எதிர்த்துப் படகு செல்வதற்காகக் குதிரைகளைக் கரையில் நடத்திக் கயிற்றால் இழுக்கச் செய்தனர். பாரம் இழுக்கும் குதிரைக்கு ஏற்றம் ஆகாது. நீரைவிட்டு விலகவும் கூடாது. ஆகவேதான் பாதை சமதளமாய் அமைந்தது. கப்பல் வந்தது, குதிரை போயிற்று, பாதை மட்டும் கிடந்தது. 1980ஆம் ஆண்டுகளில் அது மிதிவண்டியினருக்குப் பயன்படலாயிற்று.

நம் தோட்டத்தின் பின்புறமும் ஆற்றையொட்டிய மண்கரை ஒன்று பள்ளிவரை வருகிறது. குறுக்கே இரும்புக் கதவு, அதில் பூட்டு. மும்முறை எழுதிக் கேட்டுவிட்டோம். பெற்றோரும் கையொப்பமிடுவதாயின் நான்காம் கடிதத்தை இவ்வாரமே அனுப்புவோம்.