ஒரு டிஸ்க் போனால் எது போகும்?

1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளியிடம் அத்தாட்சி கேட்டது. தகப்பன் இலங்கையில் பிறந்தவர், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கேயே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். லயத்தில் பிறந்து கொழுந்து பறித்தே காலம் கழித்தவர்களில் மிகப் பலரிடம் அப்படி ஒரு கடதாசி இல்லை. இலட்சக்கணக்கானோர் நாடற்றவர்களானார்கள். எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை பெற வழி திறக்க 2003 வரை ஆனது.

ஆகவே ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பழைய பிறப்புச் சான்றிதழ், செக்ரோல் எனும் தோட்ட வேலைப் பதிவேடு, தொழிற்சங்கக் கடிதம் ஆகியவற்றை ஸ்கேன் செய்து வைப்பது பொழுதுபோக்கு வேலை அல்ல. நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து, மலையக ஆவணங்களை இணையத்தில் சேர்த்து வருகிறது. அவ்வளவு வசதி இல்லாத சிறு சங்கமும் கலியாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோவும் என்ன செய்யும்? கைக்காசுக்கு ஏற்ப ஹார்ட் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக வாங்கும். அவற்றை ஒரே பெரிய டிஸ்க்காகத் தெரியும்படி இணைத்துக்கொள்ளும். ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டாவது பிரதி வைக்க இடமிருக்காது.

அதில் ஒரு டிஸ்க் செயலிழந்தால் எவ்வளவு போகும் என்பது இணைத்த விதத்தைப் பொறுத்தது. ரெய்ட் 0 முறை ஒரே கோப்பைத் துண்டாக்கிப் பல டிஸ்க்குகளில் எழுதுகிறது; வேகம் அதிகம், ஆனால் ஒன்று போனால் எல்லாமே போச்சு. மெர்ஜர்எஃப்எஸ் போன்ற மென்பொருள் ஒவ்வொரு கோப்பையும் முழுதாக ஏதாவது ஒரு டிஸ்க்கில் வைக்கிறது. அங்கே கெட்ட டிஸ்க்கில் இருந்தவை மட்டுமே போகும். மற்றவற்றைக் கழற்றி வேறு கணினியில் போட்டும் படிக்கலாம். ஆவணம் சேர்ப்பவர்களுக்கு இதுவே ஏற்றது.

போனவை எவை என்று தெரிய வேண்டுமே! எந்தக் கோப்பு எந்த டிஸ்க்கில் என்ற பட்டியலைத் தினமும் எடுத்து வேறு கணினியில் வைத்திருந்தால்தான் அது தெரியும். பட்டியல் இல்லாவிட்டால், இழந்ததே தெரியாமல் வருடங்கள் ஓடிவிடும்.

டிஸ்க் தடுமாறத் தொடங்கியதும் அதில் எதையும் எழுதக் கூடாது. பழுது பார்க்கும் கட்டளைகளையும் ஓட்ட வேண்டாம். டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருள் மூலம் படிக்க முடிந்த பகுதிகளை முதலில் புதிய டிஸ்க்குக்கு எடுத்துவிட்டு, மற்ற முயற்சிகளை அந்த நகலில் செய்ய வேண்டும்.

பிரதி எடுக்காமலே காப்பாற்ற ஸ்னாப்ரெயிட் என்ற மென்பொருள் ஒரு வழி தருகிறது. உதாரணமாக, மூன்று பேர் பறித்த கொழுந்து 18, 21, 16 கிலோ, மொத்தம் 55. நடுவிலுள்ள எண் அழிந்தாலும் மொத்தத்திலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் 21 கிடைத்துவிடும். இதுபோன்ற ஒரு கணக்கைத் தனி டிஸ்க்கில் எழுதி வைக்கிறது ஸ்னாப்ரெயிட். அந்த டிஸ்க், இருப்பவற்றிலேயே பெரியதற்குக் குறையாத அளவில் இருக்க வேண்டும். கடைசியாகக் கணக்கெடுத்த பிறகு சேர்த்தவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை. இரண்டு டிஸ்க் சேர்ந்து போனால் ஒரு கணக்கு டிஸ்க் போதாது.

இடி விழுந்தாலோ தீப்பிடித்தாலோ டிஸ்க்குகள் ஒன்றாகவே போகும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன; வேறெங்கும் பிரதி இல்லாதவையும் அவற்றில் இருந்தன.

அதனால் மறுபடி பெற முடியாத கோப்புகளை மட்டுமாவது பிரித்தெடுத்து, கண்டியிலோ கொழும்பிலோ ஒரு பிரதி வைக்க வேண்டும். செலவு அதிகமில்லை. இடத்தை அடைப்பவை கலியாண வீடியோக்கள்தான். ஒரு சான்றிதழின் ஸ்கேன் 2 மெகாபைட் என்றால், குடும்பத்துக்கு ஒன்றாக 10,000 குடும்பங்களின் சான்றிதழ்கள் 20 ஜிகாபைட். 32 ஜிகாபைட் பென்டிரைவ் ஒன்றிலேயே அடங்கிவிடும்.