விற்பனையும் காதல் சித்திரிப்பும்: வெகுசன நாவல் குறித்துச் சில கருத்துகள்

கொல்கத்தாவின் தென்பகுதியில், ராஷ்பிகாரி அவென்யூவை ஒட்டியுள்ள லேக் மார்க்கெட், தமிழர் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் இடமாகும். காப்பித்தூளும் வாழையிலையும் மல்லிகைச் சரமும் தேடித் தமிழர் செல்லும் இக்கடைத்தெருவிலிருந்து சிறிது தொலைவு நடந்தால் அசுவினி தத்தா சாலையில் 24ஆம் எண் வீட்டை அடையலாம். வங்க நாவலாசிரியர் சரத்சந்திர சட்டோபாத்தியாயர் கட்டிய வீடு அது. 1938இல் அவர் மறைந்தார். ரங்கூனில் எழுத்தராகப் பணியாற்றி 1916இல் தாயகம் திரும்பிய அவர், பின்னர் எழுத்தின் வருவாயிலேயே வாழ்ந்தார். விற்பனையாகும் காதற்கதை தரமான கதையாக இருக்க முடியாது என்னும் கருத்து நம் திறனாய்வாளரிடையே வலுவாக உள்ளது. அக்கருத்துக்கு இவ்வீடே ஒரு மறுப்பு எனலாம்.

சரத்சந்திரர் இளமையில் எழுதி 1917இல் நூலாக வெளிவந்த ‘தேவதாஸ்’ இங்கு நோக்கத்தக்கது. பார்வதியின் குடும்பம் பெண்ணுக்குப் பணம் பெறும் வழக்கமுடையது, தாழ்ந்த குடிவழியினது. ஆகவே தேவதாஸின் வீட்டார் மணத்திற்கு இசையவில்லை. பார்வதி நள்ளிரவில் தனியே அவன் அறைக்குச் சென்று தன்னை ஏற்குமாறு கேட்கிறாள். அவனோ தயங்குகிறான், கல்கத்தா சென்று, மறுத்துக் கடிதம் எழுதுகிறான், எழுதியபின் வருந்துகிறான். தடை புறத்தே தோன்றினும் அவனுள்ளேயும் குடிகொண்டுள்ளது. காதலின் மேன்மையைப் புகழ்ந்துரைக்காமல், அது எதன்மீது மோதி உடைகிறது என்பதை ஆசிரியர் காட்டியுள்ளார். த.நா. குமாரஸ்வாமி, ஆர். சண்முகசுந்தரம் முதலியோரின் மொழிபெயர்ப்புகள் வழியாக வங்க நாவல் தமிழ் வாசகரைப் பரவலாகச் சென்றடைந்தமைக்கு இத்தன்மையும் ஒரு காரணமாகலாம்.

தமிழில் இதனோடு ஒப்பிடத்தக்க செல்வாக்குப் பெற்றது நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’. மணிவண்ணன் என்னும் புனைபெயரில் ‘கல்கி’ இதழில் அது தொடராக வெளிவந்தது. அரவிந்தன், பூரணி என்னும் பெயர்களைப் பெற்றோர் பலர் தம் குழந்தைகளுக்கு இட்டனர். வாசகர் அந்நூலை எத்துணை நேசித்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஆயினும் அங்கே காதல் ஓர் இலட்சியத்தின் அணிகலனாகவே நிற்கிறது. அரவிந்தனின் மரணம் அவர்களைப் பிரிக்கிறது; சமூகத்தோடு அவர்கள் கொள்ளவேண்டிய பிணக்கு அம்மரணத்தால் தவிர்க்கப்பட்டுவிடுகிறது.

மாத நாவல்களின் நிலை வேறு. ‘ராணி முத்து’ போன்ற வெளியீடுகள் குறைந்த விலையில் முழு நாவலை வாசகர் கையில் சேர்த்தன. பக்க அளவு வரையறைக்குட்பட்டது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதிய ரமணிசந்திரனின் கதைகள் இவ்வுலகில் தனியிடம் பெற்றன. அவற்றில் பெரும்பாலும் தடையாக வருவது ஒரு தவறான புரிதலே. ஒருவர் வாய் திறந்து இரண்டு வாக்கியம் பேசினால் கதை முடிந்துவிடும். பேசாமையே பக்கங்களை நிரப்புகிறது. சாதி, வரதட்சணை, கூட்டுக்குடும்பத்தின் அதிகாரம் ஆகியன பின்னணியாக வரினும் கதையின் முடிச்சாவது அரிது. சித்திரிப்பு என்னும் அளவில் இது குறையே.

இவ்விடத்தில் திறனாய்வாளர் அவசரப்படலாகாது. இக்கதைகளை விரும்பிப் படித்தோரில் மிகப் பலர் பெண்கள். தம் திருமணத்தில் கருத்துக் கேட்கப்படாத ஒரு பெண்ணுக்கு, செல்வமும் அதிகாரமும் உடைய ஆண் ஒருவன் தன் தவற்றை ஒப்புக்கொண்டு அவள் முன் தணிந்து நிற்கும் இறுதி அத்தியாயம் வெறும் பொழுதுபோக்கன்று. வாழ்வில் கிடைக்காத மதிப்பு அங்கே கிடைக்கிறது. அதனை மலிவு என்று ஒதுக்குவோர், அந்த மதிப்பு ஏன் கதையில் மட்டுமே கிடைத்தது என்று வினவுவதில்லை. மருத்துவரான லட்சுமி எழுதிய குடும்ப நாவல்களும் இவ்வாறே நெடுங்காலம் எள்ளலுக்கு உள்ளாயின; அவருடைய ‘ஒரு காவிரியைப் போல’ 1984இல் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றது.

மறுபுறம், சிறந்த படைப்பும் பரவலாகும்போது தேய்வதுண்டு. நாகேசுவரராவும் சாவித்திரியும் நடித்த ‘தேவதாஸ்’ 1953இல் வெளிவந்தபின் தமிழ் மக்கள் நினைவில் நின்றவை மதுக்குடுவையும் நாயும் தாடியும் சோகப்பாடலுமே. காதலில் தோற்றவனை இன்றும் தேவதாஸ் என்கிறோம். நள்ளிரவில் கேள்வி கேட்க வந்த பார்வதியின் பெயரால் எவரையும் அழைப்பதில்லை.