ஒளித்து வைத்த நத்தார்ப் பரிசைப் பிள்ளை கண்டுவிட்டால்...

டிசெம்பர் மாதம் எலுவன்குளத்தில் மழைக்காலம். கலா ஓயா பெருகினால் வீதிக்கு மேலாகத் தண்ணீர் பாயும். புத்தளம் நகருக்குப் போய் வருவது பெரும் பாடாகிவிடும். ஆகவே நத்தார் கொண்டாடும் தாய்மார் பிள்ளைகளின் புது உடுப்பையும் விளையாட்டுச் சாமானையும் மழைக்கு முன்னமே வாங்கி வைப்பதுதான் புத்தி. வாங்கியதை மூன்று நான்கு கிழமை ஒளித்தும் வைக்க வேண்டும்.

இரண்டு அறை வீட்டில் ஒளிக்க இடம் எங்கே? அலுமாரிக்கு மேலே, சேலைகளுக்கு அடியில், அரிசி மூட்டைக்குப் பின்னால். இந்த இடங்கள் எல்லாம் நம்மைவிடப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு நாள் நீங்கள் வேலை முடிந்து வரும்போது பை கலைந்து கிடக்கும். பிள்ளை முகத்தைப் பார்க்காது.

அப்போது கோபம் வருவது இயல்பு. கூலிக் காசிலும் சீட்டுக் காசிலும் மிச்சம் பிடித்து வாங்கிய பரிசு அது. நத்தார் காலையில் அந்த முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை, தகப்பன் இல்லாத வீட்டில் இன்னும் பெரிது. ஆனால் சகோதரிகளே, அந்த நேரத்தில் நீங்கள் சொல்லும் முதல் வார்த்தை பரிசைவிடப் பெரிய ஒன்றைத் தீர்மானிக்கிறது. இனிமேல் எதையாவது கண்டால் பிள்ளை உங்களிடம் வந்து சொல்லுமா, அல்லது மறைக்குமா என்பதே அது.

எட்டிப் பார்ப்பது களவு அல்ல

கனடாவின் மொன்றியல் நகரில் உள்ள மக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 4 முதல் 8 வயது வரையான 372 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு செய்தனர். அது 2015 இல் வெளியானது. பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஒரு விளையாட்டுப் பொருளை வைத்து, "திரும்பிப் பார்க்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஒரு நிமிடம் தனியே விட்டனர். மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகள் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். பார்த்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் "பார்க்கவில்லை" என்று பொய் சொன்னார்கள். தண்டனை கிடைக்கும் என்று பயமுறுத்தப்பட்ட பிள்ளைகள் உண்மை சொல்வது குறைவாகவே இருந்தது.

ஒரு நிமிடமே பொறுக்க முடியாத வயது அது. நான்கு கிழமை எப்படிப் பொறுக்கும்? தேடிப் பார்ப்பது பிள்ளையின் சுபாவம். பொய்யைப் பெரும்பாலும் பயம்தான் வரவழைக்கிறது.

என்ன செய்யலாம்?

* "நீயா எடுத்தாய்?" என்று விசாரிக்க வேண்டாம். பதில் உங்களுக்குத் தெரியும். பிள்ளையைப் பொய்க்குத் தள்ளும் கேள்வி அது. "மகன், நீ அந்தப் பையைப் பார்த்திட்டாய் போல. பரவாயில்லை. நத்தாருக்குத் தருவோம் என்று வைத்திருந்தனான். எனக்குக் கொஞ்சம் கவலைதான்" என்று சொல்லுங்கள்.

* தண்டனையாகப் பரிசைத் திருப்பிக் கொடுக்கவோ வேறு பிள்ளைக்குக் கொடுக்கவோ வேண்டாம். பரிசு என்பது கூலி அல்ல. அதே நேரம் அன்றைக்கே தூக்கிக் கொடுத்துவிடவும் வேண்டாம். மீண்டும் சுற்றி, பெயர் எழுதி, பாலன் குடில் வைக்கும் நாள் வரை காத்திருக்கட்டும். காத்திருப்பதும் ஒரு பழக்கம்.

* கடன்பட்டு இரண்டாவது பரிசு வாங்க வேண்டாம். சொக்கிலேட் ஒன்றை, அல்லது நீங்கள் கைப்பட எழுதிய ஒரு கடிதத்தை உடுப்பின் பைக்குள் வைத்துவிடுங்கள். அதுவே புதுமையாக இருக்கும்.

* தம்பி தங்கைக்குச் சொல்லிவிடுமோ என்ற பயம் இருந்தால், கண்டுபிடித்த பிள்ளையையே உங்கள் கூட்டாளியாக்குங்கள். அம்மம்மாவுக்கோ தங்கைக்கோ ஒரு பரிசைச் செய்து ஒளித்து வைக்கும் பொறுப்பைக் கொடுங்கள்.

சற்று வளர்ந்த பிள்ளை, "அப்போ நத்தார் தாத்தா நீங்கள்தானா?" என்று கேட்கலாம். அதற்கும் வழி உண்டு. நத்தார் தாத்தா கதைக்கு மூலமான புனித நிக்கலஸ், இன்று துருக்கி எனப்படும் நாட்டில் மீரா என்ற ஊரின் ஆயராக இருந்தவர். சீதனம் இல்லாமல் தவித்த ஒரு தகப்பனின் மூன்று பெண் பிள்ளைகளுக்காக, இரவில் யாருக்கும் தெரியாமல் அவர் பொன் முடிச்சுகளைப் போட்டார் என்று மரபுக் கதை சொல்கிறது. கடைசியில் அந்தத் தகப்பன் அவரைப் பிடித்தே விட்டான். "யாரிடமும் சொல்லாதே" என்பதுதான் அவர் கேட்ட ஒரே கைம்மாறு. "இப்போது உனக்கும் தெரிந்துவிட்டது. இனி நீயும் தருகிறவர்களில் ஒரு ஆள்" என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளை ஏமாந்ததாக உணராது. வளர்ந்ததாக உணரும்.

அதே பெட்டிக்குள் இருக்கும் கடதாசிகள்

நம் வீடுகளில் ஒளித்து வைக்கப்படுவது பரிசு மட்டும் அல்ல. மரணச் சான்றிதழ், காணாமற்போனவரைத் தேடிக் கொடுத்த முறைப்பாட்டுப் பிரதி, அடகுத் துண்டு, 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் வந்த முஸ்லிம் குடும்பங்களிடம் பழைய காணி உறுதி. பரிசைத் தேடும் கை இவற்றையும் தொடும். நோன்புப் பெருநாள் உடுப்பைத் தேடும் பிள்ளைக்கும் தீபாவளிச் சட்டையைத் தேடும் பிள்ளைக்கும் இது பொதுவானது.

தகப்பனைப் பற்றிய கடதாசியைப் பிள்ளை வாசித்துவிட்டால் பறித்து மறைக்க வேண்டாம். பக்கத்தில் இருந்து, வயதுக்குப் புரியும் அளவில் உண்மையைச் சொல்லுங்கள். இறந்தவர் இறந்தார் என்றும், தெரியாததை "அம்மாவுக்கும் தெரியாது, தேடுகிறோம்" என்றும் சொல்லலாம். "வெளிநாட்டில் இருக்கிறார்" என்ற சமாளிப்பு பின்னர் பிள்ளையின் நம்பிக்கையை உடைக்கும். இன்னும் சொல்ல மனம் வராவிட்டால், அந்தக் கடதாசிகளைப் பரிசுடன் ஒரே இடத்தில் வைக்காதீர்கள்.

முடிவு உள்ள இரகசியம்

பரிசு இரகசியத்துக்கு ஒரு நாள் குறித்திருக்கிறது. 25ஆம் திகதி அது எல்லோருக்கும் சந்தோஷமாக வெளிவரும். "அம்மாவிடம் எப்போதும் சொல்லக் கூடாது" என்று பெரியவர் ஒருவர், சொக்கிலேட்டோ காசோ கொடுத்துச் சொல்லும் இரகசியத்துக்கு முடிவு இல்லை. அது ஆபத்து. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைக்கு விளங்க வைக்கப் பரிசுப் பையைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. அப்படி ஏதும் நடந்ததாகச் சந்தேகம் வந்தால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலவச இலக்கத்தை அழையுங்கள்.

போர் நடந்த இடங்களில் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்: தெரியாத பொருளைக் கண்டால் தொடாதே, வந்த வழியே திரும்பிப் போய்ப் பெரியவர்களிடம் சொல். அலுமாரியைத் திறந்ததற்காக அடி வாங்கிய பிள்ளை, காட்டில் கண்டதை வந்து சொல்லத் தயங்கும். "கண்டதைச் சொன்னால் அம்மா கோபிக்க மாட்டா" என்று தெரிந்த பிள்ளை ஓடி வந்து சொல்லும்.

ஆகவே இந்த நத்தாருக்குப் பை கலைந்து கிடந்தால் ஒரு மூச்சு விட்டுப் பொறுத்துக்கொள்ளுங்கள். உடுப்பை மடித்து, திரும்பவும் சுற்றி வைக்கப் பிள்ளையையே கூப்பிடுங்கள். நூலைப் பிடிக்க ஒரு கை தேவைதானே.