வழக்கும் வழக்காறும்: சட்டம் பயில்வோருக்குச் சில அடிப்படைக் கருத்துகள்

தமிழில் ‘வழக்கு’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. இலக்கணம் பயில்வோர்க்கு அது மக்களிடையே வழங்கிவரும் மொழிநடை. நீதிமன்றம் செல்வோர்க்கு அது தீர்ப்பை நாடி நிற்கும் பூசல். இவ்விரு துறையினரும் ஒரே வினாவை எதிர்கொள்கின்றனர்: பலரும் செய்துவரும் ஒன்று எப்போது விதியாகிறது? சட்டவியலின் அடிப்படைக் கருத்துகள் பலவும் இவ்வினாவுக்குள் அடங்கும். அவற்றுள் சிலவற்றை நாம் வாழும் பினாங்கு மண்ணின் சான்றுகளைக் கொண்டு இங்கே விளக்க முயல்வோம்.

முதலில் பழக்கம், வழக்காறு, சட்டம் ஆகிய மூன்றையும் பிரித்தறிதல் வேண்டும். காலையில் தேநீர் அருந்துவது பழக்கம். ஒரு நாள் அருந்தாவிட்டால் எவரும் நம்மைக் குறை கூறார். தண்ணீர்மலைக் கோயிலுக்குள் நுழையுமுன் காலணியைக் கழற்றுவது வழக்காறு. கழற்றாதவரைப் பிறர் கண்டிப்பர். அக்கண்டனம் முறையானதென்று கண்டிக்கப்பட்டவரும் உணர்வார். தைப்பூச நாளில் சில சாலைகளில் வண்டிகள் செல்லலாகாது என்பது சட்டம். அதை மீறுவோர்மீது நடவடிக்கை எடுக்க அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. பழக்கத்தில் ஒழுங்கு மட்டுமே உண்டு. வழக்காற்றில் ‘இப்படித்தான் செய்தல் வேண்டும்’ என்ற கடப்பாட்டுணர்வும் சேர்கிறது. சட்டத்தில் அதற்குமேல் என்ன சேர்கிறது என்பதில்தான் அறிஞர்கள் வேறுபடுகின்றனர்.

ஆங்கில அறிஞர் ஜான் ஆஸ்டின் 1832இல் வெளியிட்ட நூலில் சட்டத்தை ஆணையாகக் கண்டார். மேலதிகாரம் உடையவர் ஆணையிடுகிறார், மீறினால் தண்டனை கிடைக்கிறது, அதுவே சட்டம். குற்றவியல் சட்டத்துக்கு இவ்விளக்கம் ஓரளவு பொருந்தும். ஆனால் உயில் எழுதுமாறோ மணம் புரியுமாறோ எவரும் நமக்கு ஆணையிடுவதில்லை. ‘நீங்கள் விரும்பினால் இவ்வாறு செய்யுங்கள், செய்தால் அது செல்லும்’ என்று மட்டுமே சட்டம் கூறுகிறது. இக்குறையை எடுத்துக்காட்டிய எச்.எல்.ஏ. ஹார்ட், 1961இல் வெளிவந்த தம் நூலில் வேறொரு விளக்கம் தந்தார். எது சட்டம், எது சட்டமன்று என்பதைத் தீர்மானிக்க ஒவ்வொரு சட்ட அமைப்பிலும் ஓர் அடிப்படை விதி உண்டு. நீதிபதிகளும் அதிகாரிகளும் அதனைப் பொதுவாக ஏற்று நடக்கின்றனர் என்றார். அதனை நாம் ‘ஏற்பு விதி’ எனலாம்.

இக்கருத்து தமிழ் இலக்கணம் அறிந்தோர்க்குப் புதிதாகத் தோன்றாது. தொல்காப்பிய மரபியல், உயர்ந்தோரின் நடையையே வழக்கெனக் கொள்கிறது. மக்கள் வாயில் வழங்கும் எல்லாச் சொல்வடிவங்களும் இலக்கணமாகிவிடுவதில்லை. எவருடைய வழக்கு கணக்கில் கொள்ளப்படும் என்பதற்கும் ஓர் அளவுகோல் வேண்டியிருக்கிறது. இலக்கணத்தில் அவ்வளவுகோல் உயர்ந்தோர். சட்டத்தில் அது ஏற்பு விதி.

ஏற்பு விதி மாறினால் ஒரே வகையான வழக்காற்றின் நிலையும் மாறும் என்பதற்கு வரலாறு நல்ல சான்று தருகிறது. இலண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1868இல் இராமநாதபுரம் ஜமீன் பற்றிய வழக்கைத் தீர்த்தது. கணவரை இழந்த இராணி, கணவரின் வெளிப்படையான அனுமதியின்றி, அவருடைய உறவினரின் இசைவோடு செய்த சுவீகாரம் செல்லுமா என்பது கேள்வி. செல்லும் என்ற அம்மன்றம், இந்துச் சட்டத்தில் தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்காறு எழுத்திலுள்ள நூல்விதியையும் விஞ்சி நிற்கும் என்று கூறியது.

ஏழாண்டுகளுக்குப் பின், 1875இல், அதே மன்றத்தின்முன் பினாங்கு வழக்கொன்று வந்தது. சீனப் பெண்மணி ஒருவர் தமக்கும் தம் கணவருக்கும் நினைவுச் சடங்குகள் நடைபெறுவதற்காக ஒரு வீட்டை நிரந்தரமாக ஒதுக்கி உயில் எழுதியிருந்தார். அச்சடங்கு குடும்பத்தாருக்கு மட்டுமே பயன் தருவது, பொதுநல அறமாகாது. எனவே சொத்தை என்றென்றைக்கும் முடக்கும் அந்த ஏற்பாடு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. தென்புலத்தார்க்குச் செய்யும் கடனையும் அறத்துள் அடக்குவது தமிழ் மரபு. ஆங்கிலச் சட்டத்தின் ‘சாரிட்டி’ என்னும் சொல்லின் எல்லை வேறு. அச்சொல்லின் எல்லையே அங்கு சொத்தின் எல்லையாகவும் ஆயிற்று.

ஒரே மன்றம் இருவேறு விதமாகத் தீர்த்தது ஏன்? சென்னை மாகாணத்தில் இந்துக்களின் குடும்பச் செய்திகளுக்கு இந்துச் சட்டமே உரியதென ஆங்கில ஆட்சி ஏற்றிருந்தது. பினாங்கின் நிலை வேறு. 1786இல் பிரான்சிஸ் லைட் இத்தீவைக் கைக்கொண்ட பின் இருபதாண்டுகள் எச்சட்டம் இங்குச் செல்லும் என்பதே தெளிவாக இல்லை. 1807ஆம் ஆண்டின் அரச நீதிப் பட்டயம் நீதிமன்றத்தை அமைத்தது. அதன்வழி ஆங்கிலச் சட்டம் இங்குப் பொதுச் சட்டமாயிற்று என நீதிமன்றங்கள் கொண்டன. மக்களின் சமயமும் வழக்கங்களும் இடங்கொடுக்கும் அளவுக்கு அது தளர்த்தப்பட்டது. ஆகவே இராமநாதபுரத்தில் வழக்காறு சட்டத்தின் மூலமாக நின்றது. பினாங்கில் அது விதிவிலக்காகவே நுழைய முடிந்தது.

இன்றைய மலேசியாவின் ஏற்பு விதியைத் தேடுவோர் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 160ஆம் விதியைப் படித்தல் வேண்டும். எழுத்துச் சட்டம், நாட்டில் நடைமுறையிலுள்ள அளவுக்குப் பொதுச் சட்டம், சட்ட வலுவுடைய வழக்காறு ஆகியவை ‘சட்டம்’ என்னும் சொல்லுள் அடங்கும் என்கிறது அது. ‘சட்ட வலுவுடைய’ என்ற அடைமொழியை மாணவர்கள் ஊன்றி நோக்க வேண்டும். பழமை மட்டும் அவ்வலுவைத் தந்துவிடாது.

இதனை நம் குடும்பங்களிலிருந்தே விளக்கலாம். தமிழில் ‘முறை’ என்னும் சொல் நீதியையும் குறிக்கும், உறவையும் குறிக்கும். தாய்மாமன் தன் தமக்கை மகளை மணப்பது பலரிடையே முறையான மணம். 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் இத்தகைய நெருங்கிய உறவு மணத்தைப் பொதுவாகத் தடை செய்கிறது. எனினும் அதன் 11ஆம் பிரிவு, இந்துச் சட்டப்படியோ வழக்காற்றின்படியோ நிகழும் தாய்மாமன் மணத்துக்கு வெளிப்படையாக விலக்களிக்கிறது. இந்தியாவின் 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம், தடுக்கப்பட்ட உறவு மணத்தை இருதரப்பாரின் வழக்காறும் அனுமதித்தால் ஏற்கிறது. அங்கு வழக்காறு மெய்ப்பிக்கப்படுதல் வேண்டும். இங்கு உறவின் பெயரே சட்டத்தில் இடம்பெற்றுவிட்டது.

அதே 1976ஆம் ஆண்டுச் சட்டம் மற்றொரு வழக்காற்றின் தனித்த வலுவை நீக்கியும் இருக்கிறது. அது நடைமுறைக்கு வந்த 1982 மார்ச் 1க்கு முன், சமய முறையிலோ வழக்காற்றின்படியோ செல்லத்தக்கவாறு நடந்த மணங்கள் பதிவு பெற்றனவாகவே கருதப்படும். அந்நாள் முதல் முஸ்லிமல்லாதார் தம் திருமணத்தை அச்சட்டம் வகுத்த வழியில்தான் நடத்துதல் வேண்டும். கோயிலில் தாலி கட்டலாம். ஆனால் சட்டத்தின் நடைமுறையைக் கைவிட்டுத் தாலியை மட்டும் நம்பலாகாது. ஊர் ஒரு பெண்ணை மனைவி என்று அழைத்தும், வாரிசுரிமையும் பராமரிப்பும் கோரும்போது அவள் மனைவி என்பதே கேள்விக்குள்ளாகும் நிலை இதனால் நேரக்கூடும்.

இங்கே இறுதிக் கருத்தொன்று எழுகிறது. ‘இவ்விதி செல்லுமா?’ என்பதும் ‘இவ்விதி நியாயமா?’ என்பதும் வெவ்வேறு வினாக்கள். செல்லுந்தன்மையை ஏற்பு விதி காட்டும், நியாயத்தைக் காட்டாது. அப்பெண்ணுக்கு ஆதரவாக வாதிடும் வழக்கறிஞர் முதல் வினாவுக்குரிய விடையைச் சட்டத்தின் சொற்களுக்குள் தேட வேண்டும். சட்டத்தையே திருத்தக் கோருவோர் இரண்டாம் வினாவை நாடாளுமன்றத்தின்முன் வைக்க வேண்டும். பதிவேட்டில் கையொப்பமிடுமாறு மணமக்களுக்கு இன்றே எடுத்துரைக்கும் பணியோ சட்டம் பயிலும் மாணவர் முதல் கோயில் நிருவாகத்தார் வரை நம் அனைவருக்கும் உரியது.