பூனைக்கும் வரும் சர்க்கரை வியாதி

(பண்ணை இல்ல ஒலிபரப்பில் வேளாண் விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



ஆடு, மாடு, கோழி பற்றிப் பேசுகிற இந்த நேரத்தில் இன்று பூனையைப் பற்றிப் பேசப் போகிறேன். "பூனைக்கெல்லாம் ஒரு பேச்சா?" என்று சிலர் சிரிப்பீர்கள். ஆனால் நெல் மூட்டை அடுக்கியிருக்கிற வீட்டில் ஒரு பூனையின் அருமை என்ன என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எட்டுப் பத்து வருஷம் எலி பிடித்துக் கொடுத்த பூனை ஒரு நாள் நோயில் விழுந்தால், "சாக்குல கட்டிக் கொண்டுபோய் எங்கேயாவது விட்டுட்டு வா" என்று சொல்லிவிடுகிறோம். அந்த நோய் சர்க்கரை வியாதியாக இருந்தால், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக் கொள்ளலாம். அதற்கு வேண்டியது கொஞ்சம் ஒழுங்கு, நிறைய கவனம். அவ்வளவுதான்.

அடையாளம் என்ன?

நடு வயது தாண்டிய, உடம்பு பெருத்த பூனைகளுக்கு இது அதிகம் வருகிறது. அதிலும் காயடித்த கடுவன் பூனைகளுக்குக் கூடுதலாக வருகிறது. அரிப்புக்கும் புண்ணுக்கும் அடிக்கடி ஸ்டீராய்டு ஊசி போட்ட பூனைகளுக்கும் வரலாம்.

முதலில் கண்ணில் படுவது தண்ணீர்த் தாகம். பூனை இயல்பாகவே தண்ணீர் கொஞ்சமாகக் குடிக்கும் பிராணி. அது குடத்தடியிலும் தொட்டியடியிலும் போய்ப் போய்க் குடித்தால் கவனியுங்கள். மூத்திரம் அதிகமாகப் போகும். அந்த இடத்தில் எறும்பு மொய்ப்பதைச் சிலர் பார்த்திருக்கலாம். வயிறாரத் தின்னும், ஆனால் முதுகெலும்பு தெரிய இளைத்துக்கொண்டே போகும். நோய் முற்றினால் பின்னங்கால் நரம்பு தளர்ந்து, விரலை ஊன்றி நடக்க வேண்டிய பூனை குதிகாலைத் தரையில் பதித்து நடக்கும்.

வாய்க்காலில் தண்ணீர், வயலில் வெடிப்பு

உள்ளே என்ன நடக்கிறது? வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடுகிறது, மடை மட்டும் அடைத்துக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வயல் காய்ந்து வெடிக்கும். தண்ணீரோ கரை மீறி வடிகாலில் வீணாகும். இரத்தம்தான் வாய்க்கால், சர்க்கரைதான் தண்ணீர். மடையைத் திறந்துவிடுவது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். இன்சுலின் போதாமல் போனாலும், இருந்தும் சரியாக வேலை செய்யாமல் போனாலும், சர்க்கரை உடம்புக்குள் பாயாமல் மூத்திரத்தில் வழிந்து போகிறது. அதனால்தான் தின்றும் இளைக்கிறது.

இரத்தத்தை ஒரு தடவை சோதித்துவிட்டு வியாதி என்று முடிவு கட்டக் கூடாது. நல்ல பூனைக்குச் சர்க்கரை அளவு ஏறக்குறைய 80 முதல் 150 வரை இருக்கும். பையில் போட்டு, பஸ்ஸில் கொண்டுபோய், புது இடத்தில் பிடித்து அமுக்கினால், அந்தப் பயத்திலேயே நல்ல பூனைக்கும் 300-ஐத் தாண்டலாம். ஆகையால் மூத்திரத்தையும் மருத்துவர் சோதிப்பார். தேவைப்பட்டால், கடந்த ஒன்றிரண்டு வாரத்துச் சர்க்கரை நிலவரத்தைக் காட்டும் ஃப்ரக்டோசமின் என்ற சோதனையையும் செய்யச் சொல்வார். முதலில் பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். மேற்கொண்டு பார்க்க வேண்டுமானால் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

ஊசி போடும் முறை

பெரும்பாலான பூனைகளுக்கு இன்சுலின் ஊசிதான் மருந்து. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, காலையும் மாலையும் போட வேண்டும். ஆரம்பத்தில் ஒரு வேளைக்கு ஒரு யூனிட் அளவிலேயே தொடங்குவது வழக்கம். உங்கள் பூனைக்கு எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

முதலில் தீனி, பிறகுதான் ஊசி. தட்டில் முகத்தை வைத்துத் தின்றுகொண்டிருக்கும்போதே, விலாப் பக்கத்துத் தோலைக் கூடாரம் போலத் தூக்கி, அந்த மடிப்புக்குள் ஊசியைச் செலுத்துங்கள். மிக மெல்லிய ஊசி என்பதால் பூனை பெரும்பாலும் திரும்பிக்கூடப் பார்க்காது. ரோமம் ஈரமாக இருந்தால் ஊசி மறுபக்கம் வந்து மருந்து வெளியே போய்விட்டது என்று அர்த்தம். அதற்காக மறுபடியும் போடாதீர்கள்.

பூனை தின்னாவிட்டால் வழக்கமான அளவைப் போடாமல் மருத்துவரைக் கேளுங்கள். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்தாலும் போடாதீர்கள். ஒரு வேளை தவறினால் பெரிய நஷ்டம் இல்லை. இரண்டு பேர் தெரியாமல் இரண்டு தடவை போட்டால் உயிருக்கு ஆபத்து. வீட்டில் ஒருவரே இந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டு, போட்டதும் காலண்டரில் குறித்து வையுங்கள்.

மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம், உறைய விடக் கூடாது. உறைந்த மருந்து உதவாது. கலங்கலான இன்சுலினில் குலுக்க வேண்டியதும் உண்டு, மெதுவாக உருட்ட வேண்டியதும் உண்டு. உங்களுடையது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

என் வீட்டில் நடந்தது

இனி நான் சொல்வதை நன்றாகக் கேளுங்கள். பத்து லிட்டர் டேங்குக்கு எத்தனை மில்லி மருந்து என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்கிறவன் நான். அளவு விஷயத்தில் தவறு செய்தவனும் நானே.

எங்கள் வீட்டுப் பூனைக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தபோது, என் தாயார் ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மருந்து ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளது. நம் நாட்டில் இன்சுலின் குப்பிகளில் அதுதான் சாதாரணம். அதற்குச் சிவப்பு மூடி ஊசிக்குழல். பூனைக்கு மருத்துவர் எழுதியதோ ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ள மருந்து. அதற்கு ஆரஞ்சு மூடிக் குழல் வேண்டும். ஒரு நாள் மாலை அது தீர்ந்திருந்தது. 'எல்லாம் ஊசிதானே' என்று தாயாருடைய பெட்டியிலிருந்து புதுக் குழல் ஒன்றை எடுத்து, ஒன்று என்ற கோடு வரை இழுத்துப் போட்டுவிட்டேன். அந்தக் கோட்டில் 100 யூனிட் மருந்தை எடுத்தால் அது ஒரு யூனிட் அல்ல, இரண்டரை யூனிட்!

இரவு பதினோரு மணிக்கு என் மனைவி கூப்பிட்டாள். "ஏங்க, பூனை குடிச்சவன் மாதிரி நடக்குது, வந்து பாருங்க." போய்ப் பார்த்தால் கால் பின்னுகிறது, உடம்பு நடுங்குகிறது, கூப்பிட்டால் திரும்பவில்லை. சர்க்கரையை வெந்நீரில் கெட்டியாகக் கரைத்து, ஆற வைத்து, விரலால் ஈறில் தடவினோம். கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்கியது. உடனே வேக வைத்த கோழிக்கறியைக் கொடுத்தோம். விடிய விடியப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். காலையில் மருத்துவர் கேட்டது ஒரே கேள்விதான்: "எந்த ஊசியில எடுத்தீங்க?" எனக்குத் தலை நிமிரவில்லை.

பெருமக்களே, சர்க்கரை கூடினால் பூனை பல நாளில் மெலியும். குறைந்தால் சில மணி நேரத்தில் உயிர் போகும். யூரியாவை அள்ளிப் போட்டால் பயிர் சாய்கிற கதைதான் இதுவும். மருந்துக் குப்பியில் 40 என்றிருந்தால் குழலிலும் 40 இருக்க வேண்டும். 100 என்றிருந்தால் 100 இருக்க வேண்டும். கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் நீங்களே படித்துப் பாருங்கள்.

தள்ளாட்டம், நடுக்கம், வலிப்பு கண்டால் சர்க்கரைக் கரைசலையோ தேனையோ ஈறில் தடவுங்கள். நினைவில்லாத பூனையின் வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக் குழாயில் போய்விடும். தெளிந்ததும் தீனி கொடுத்து மருத்துவரிடம் கொண்டுபோங்கள். சர்க்கரை கொடுத்த பலம் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஊசி மருந்தோ உள்ளே வேலை செய்துகொண்டே இருக்கும்.

தீனி

பூனை மாமிசம் தின்று வாழப் பிறந்த பிராணி. நாம் போடுவதோ பால்சோறு, தயிர்சோறு, குழம்பு ஊற்றிய சோறு. நோய் வந்த பூனைக்குச் சோற்றைக் குறைத்து, உப்புக் காரம் இல்லாமல் வேக வைத்த மீன், கோழி, முட்டை என்று மாற்றுவது நல்லது. முள்ளை எடுத்துவிட வேண்டும். வெறும் கறி மட்டும் வருஷக் கணக்கில் போதாது என்பதால் சேர்க்க வேண்டியதை மருத்துவரிடம் கேளுங்கள். கடையில் விற்கும் உருண்டைத் தீனியிலும் மாவுச்சத்து உண்டு. ஆனால் மருத்துவரிடம் சொல்லாமல் திடீரென்று தீனியை மாற்றாதீர்கள். சோறு குறைந்தால் இன்சுலின் தேவையும் குறையும், பழைய அளவே அதிகமாகிவிடும்.

இளைக்க வேண்டும் என்று பட்டினியும் போடாதீர்கள். கொழுத்த பூனை சில நாள் தின்னாமல் கிடந்தாலே ஈரலில் கொழுப்பு படிந்து ஆபத்தாகும். பாகற்காய்ச் சாறு, வெந்தயத் தண்ணீர் என்று ஊசியை நிறுத்திப் பார்ப்பதும், வீட்டுப் பெரியவர்களின் சர்க்கரை மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம்.

கணக்கு எழுதுங்கள்

பால் கணக்கு எழுதுகிற மாதிரி, பூனைக்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். தினமும் குடித்த தண்ணீர், தின்ற தீனி, போட்ட யூனிட். வாரம் ஒரு முறை எடை. வீட்டில் சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் காது மடல் ஓரத்தில் ஒரு துளி இரத்தம் போதும். மனிதருக்கான கருவி பூனைக்குச் சற்றுக் குறைத்தே காட்டும். அளவு 60-க்குக் கீழே போனால் ஆபத்து. எந்த அளவுக்குக் கீழே ஊசி போடக் கூடாது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தின்னாமல், வாந்தி எடுத்து, மூச்சு வாங்கினால் ஒரு நிமிஷமும் தாமதிக்காதீர்கள்.

நல்ல செய்தியும் உண்டு. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, தீனியைச் சீர்செய்து, ஊசி போட்டு வந்தால், சில பூனைகளுக்குச் சில மாதங்களில் ஊசியே தேவைப்படாமல் போகிறது. நாய்களுக்கு இது மிக அபூர்வம். அப்படித் தேறினாலும் நோட்டை மூடிவிடாதீர்கள், நோய் திரும்பவும் வரலாம்.

எங்கள் பூனைக்கு இன்னும் இரண்டு வேளையும் ஊசி நடக்கிறது. மாலை ஆறு மணிக்கு அதுவே வந்து தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. நான் மூடியின் நிறத்தை ஒரு தடவையும், குப்பியின் எண்ணை ஒரு தடவையும் வாய்விட்டுப் படித்த பிறகுதான் மருந்தை எடுக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.