கண்ணால் வளர்க்கும் மீன்

பறவை தன் முட்டையைத் தொட்டு அடைகாக்கும்; ஆமை கரையில் இட்ட முட்டையை நினைந்து வளர்க்கும்; மீனோ நோக்கியே வளர்க்கும் என்பர் நம் பெரியோர். பரிச தீட்சை, மானச தீட்சை, நயன தீட்சை என்னும் மூன்றையும் விளக்குதற்குச் சைவ ஆசிரியர்கள் எடுத்தாளும் உவமை இது. பல்லாண்டுகளாக இதனை மாணாக்கருக்குச் சொல்லி வந்திருக்கின்றேன். ஒருநாள் பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, மீன் முட்டையிட்டதும் அதை விட்டுப் போய்விடும் என்று விஞ்ஞான ஆசிரியர் சொன்னாரே! எது சரி?" என்று வினாவினான். "உவமையில் ஒருபுடை ஒப்புமையே கொள்ளல் வேண்டும்" என்று இலக்கணம் பேசி அவனை அமர்த்தினேன். ஆயினும் அவன் வினா என்னை அமரவிடவில்லை.

சில ஆண்டுகள் கழித்து அவனே ஒரு பொலித்தீன் பையில் இரண்டு மீன்குஞ்சுகளைக் கொண்டுவந்து, "பண்டிதர் ஐயா, இவை ஒஸ்கார் மீன்கள், வளர்த்துப் பாருங்கள்" என்று தந்து சென்றான். ஒவ்வொன்றும் என் சுண்டுவிரலளவுதான் இருந்தது. விறாந்தையிலே இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டியொன்றை வைத்துக் கிணற்று நீரை நிரப்பி, அன்றே மீன்களை விட்டேன். அப்போது ஒரு பெரும் பிழை செய்தேன் என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

ஒஸ்கார் தென்னமெரிக்காவின் அமேசன் ஆற்று வெளிக்குரிய மீன். சிக்லிட் என்னும் பெருங் குடும்பத்தைச் சேர்ந்தது. வளர்ந்தால் ஓரடிக்கு மேல் நீளும். நன்கு பேணினால் பத்தாண்டுக்கு மேலும் வாழும். உணவிடுவோரை அறிந்து கண்ணாடியருகே ஓடிவரும். சினமுற்றால் தொட்டியிலுள்ள கல்லையும் செடியையும் புரட்டித் தள்ளும். இத்தகைய உயிருக்கு 57 லீற்றர் நீர் போதுமா? குழந்தையைச் சட்டிக்குள் வளர்க்க முயன்றது போலாயிற்று என் செயல்.

மூன்றாம் வாரத்தில் ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிற்று. மறுநாட் காலை இறந்து மிதந்தது. நீரோ பளிங்குபோல் தெளிந்திருந்தது. தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரன்று என்பதை அன்று கற்றேன். மீனின் கழிவிலும் எஞ்சிய உணவிலும் இருந்து அமோனியா என்னும் நஞ்சு பிறக்கின்றது. நுண்ணுயிர்களில் ஒருவகை அதனை நைத்திரைற்று ஆக்கும். அதுவும் நஞ்சே. மற்றொருவகை அதனைக் கேடு குறைந்த நைத்திரேற்றாக மாற்றும். இவ்விருவகை நுண்ணுயிர்களும் வடிகட்டியிலும் கூழாங்கற்களிலும் குடியேறிப் பெருகுதற்கு நான்கு முதல் ஆறு கிழமைகள் செல்லும். அதுவரை பொறுத்து, பின்னரே மீனை விடல் வேண்டும். வீட்டைக் கட்டுமுன் விருந்தினரை அழைத்தவன் நான். வடிகட்டியை அடிக்கடி குழாய் நீரிற் கழுவுவோரும் இப்பிழையையே செய்கின்றனர். குளோரீன் அந்நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுதல் நன்று.

எஞ்சிய மீனுக்கு நான்கடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டி செய்வித்தேன். அது 255 லீற்றர் கொள்ளும். நீரின் நிறையே கால் தொன்னுக்கு மேற்படுதலால், மரப்பலகையை நீக்கிச் சீமெந்துத் திண்ணையின்மேல் வைத்தேன். கிழமைதோறும் கால்பங்கு நீரை, அஃதாவது ஏறக்குறைய 60 லீற்றரை, மாற்றுகின்றேன். இறாலும் மண்புழுவும் கடையில் விற்கும் குறுணை உணவும் அளவாக இடுகின்றேன். மாட்டிறைச்சி போன்றவற்றின் கொழுப்பு மீனுக்குச் செரியாது. சித்திரை, வைகாசி வெப்பத்தில் நீரிற் கரையும் பிராணவாயு குறையும். மின்சாரமும் நின்றுவிட்டால் ஆபத்து. ஆதலால் பற்றரியில் இயங்கும் காற்றூட்டி ஒன்றையும் வைத்திருக்கின்றேன்.

இனி ஊர்காவற்றுறைக்கே உரிய இடர்ப்பாடு ஒன்றுண்டு. நம் தீவகம் சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்தது. ஆறில்லை, மாரிமழையே நமக்கு வருவாய். கோடையிற் கிணறுகள் உவர்ப்பேறுகின்றன. குடிநீருக்கே குடமெடுத்து அலையும் ஊரில், மீனுக்குக் கிழமைக்கு 60 லீற்றரா என்று மனைவி கேட்டாள். அக்கேள்வி நியாயமானது. நான் கண்ட வழி இது: கூரையில் வழியும் மாரிநீரைத் தொட்டியிற் சேமித்து, கிணற்று நீருடன் சிறிது சிறிதாகக் கலந்து மீனுக்கு இடுகின்றேன். மாற்றியெடுக்கும் பழைய நீரை ஒரு துளியும் கொட்டுவதில்லை. அதிலுள்ள நைத்திரேற்றுப் பயிருக்கு உரம். முற்றத்து வாழையும் கத்தரியும் அதனாற் செழிக்கின்றன. செடிக்கு இறைக்கும் நீரே வழியில் மீனைக் கண்டு செல்கின்றது. "கத்தரிக்காய் சாட்சி சொல்லுது" என்று மனைவியும் இப்போது ஒத்துக்கொள்கின்றாள்.

மீன் பெருத்தபோது, அயலவர் ஒருவர், "கோயிற் கேணியில் விட்டுவிடுங்கோ, புண்ணியம்" என்றார். அது புண்ணியமன்று. அயலிலிருந்து வந்த ஊனுண்ணி மீன் நம் நீர்நிலையிற் புகுந்தால் அங்குள்ள சிறுமீன்கள் அழியும். கொழும்புப் புறத்துப் பெல்லன்வில–அத்திடிய ஈரநிலத்திற் கத்திமீன் பெருகியது, அழகுக்கு வளர்த்தோர் வெளியே விட்டதனாலேயாம். 1952ஆம் ஆண்டில் உணவுக்கென இலங்கைக்குக் கொணரப்பட்ட ஆபிரிக்கத் திலாப்பியாவும் சிக்லிட் குடும்பத்ததே. அது பலருக்குச் சோறூட்டியது மெய். ஆனால் ஒருமுறை விட்டதை மீள அழைக்க இயலாது என்பதற்கும் அதுவே சான்று. வளர்க்க இயலாதவன் வாங்கலாகாது. வாங்கியவன் இறுதிவரை காத்தல் வேண்டும்.

இக்குடும்பத்தில் நமக்கே உரியனவும் உண்டு என்பதை நம்மிற் பலர் அறியார். இந்தியாவுக்குரிய சிக்லிட்டுகள் மூன்றே. அவற்றுள் இரண்டு இலங்கைக்கும் உரியன. பெரியது தமிழகத்திற் செத்தக்கெண்டை, மலையாளத்திற் கரிமீன், சிங்களத்திற் கொறலியா. 2010ஆம் ஆண்டில் கேரளம் அதனைத் தன் மாநில மீனாக அறிவித்தது. அதற்கு அறிவியற் பெயரிட்டவர் பெர்லினில் வாழ்ந்த புளொக் என்னும் மருத்துவர், ஆண்டு 1790. தரங்கம்பாடியிலிருந்த ஜோன் பாதிரியார் அவருக்குத் தமிழ்க்கரை மீன்களைத் திரட்டி அனுப்பிவந்தார். சிறியதற்கும் 1795இல் அவரே பெயரிட்டார். இவற்றின் நெருங்கிய உறவினமோ மடகாஸ்கர்த் தீவில் வாழ்கின்றது! இவ்விரண்டும் கழிமுகத்து உவர்நீரிலும் வாழ வல்லன. அமேசன் மீனுக்காக நான் அஞ்சிய நம் கிணற்று உவர் இவற்றுக்கு அச்சமன்று.

சென்ற ஆண்டு அம்மாணவன் சிறியவகையில் ஓரிணை கொண்டுவந்தான். அவற்றைத் தனித்தொட்டியில் விட்டேன். அவை ஓர் ஓட்டாஞ் சில்லிற் முட்டைகளை ஒட்டிவைத்தன. பின்னர் நான் கண்டதை எவ்வாறு சொல்வேன்! ஒன்று செட்டையால் முட்டைகளுக்கு நீர் விசிற, மற்றொன்று கண்ணிமையா நோக்கொடு காவல் நின்றது. சிறிது நேரத்தில் இடம் மாறின. சில நாளிற் குஞ்சுகள் வெளிப்பட்டுத் தாய்தந்தையரின் விலாவில் மொய்த்து, உடலிற் கசியும் வழுவழுப்பைக் கொறித்து உண்டன. வார்ட், பார்லோ என்னும் ஆய்வாளர் 1967ஆம் ஆண்டிலே இதனை விரித்தெழுதியுள்ளனர் எனப் பின்னர் அறிந்தேன்.

அம்மாணவனை அழைத்து, "தம்பி, பெரும்பாலான மீன்களுக்கு உன் ஆசிரியர் சொன்னது சரி, இம்மீனுக்கு நம் பெரியோர் சொன்னதும் சரி. அன்று உன்னை அமர்த்திய நானே பிழை" என்றேன். அவன் சிரித்து, "ஐயா, இது தொட்டும் வளர்க்குதே, பறவையோடையும் சேர்க்க வேணுமோ?" என்றான்.

இம்முறை அவனை அமரச் சொல்லவில்லை. இருவரும் குனிந்து தொட்டியை நோக்கிக்கொண்டிருந்தோம்.