கொக்கோ இலை மஞ்சளித்தால் என்ன உரம் போடுவது?

கொக்கோ இலை மஞ்சளித்துவிட்டால், "உரம் பத்தல, இன்னும் ரெண்டு கை அள்ளிப் போடு" என்பார்கள். எந்த உரம் என்று கேட்பவர் குறைவு. அங்கேதான் காசும் போகிறது, காயும் போகிறது.

இலைக்குப் பச்சை நிறம் கொடுப்பது மக்னீசியச் சத்து. அது குறைந்தால் மரம் முதிர்ந்த இலையில் இருப்பதை எடுத்து இளந்தளிருக்குக் கொடுத்துவிடும். ஆகவே முதிர்ந்த இலைதான் முதலில் மஞ்சளிக்கும். நடு நரம்பை ஒட்டிப் பச்சை இருக்கும். நரம்புகளுக்கு இடையே மஞ்சள் படரும். முற்றினால் ஓரம் கருகி இலை உதிரும். இளந்தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறை. இலை முழுதும் ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்தைக் கவனிக்க வேண்டும்.

இந்தக் குறை ஏன் வருகிறது? மலேசியாவில் கொட்டும் மழை, மணற்பாங்கான புளிப்பு மண்ணிலிருந்து மக்னீசியத்தை அடித்துக்கொண்டு போகிறது. இன்னொன்று, நாமே செய்வது. காய் பிடிக்கட்டும் என்று பொட்டாஷ் உரத்தை அளவுக்கு மீறிப் போட்டால், வேர் மக்னீசியத்தை எடுக்கவிடாமல் அது தடுக்கும். மஞ்சளைப் பார்த்து மேலும் பொட்டாஷ் போட்டால் நோய் முற்றத்தான் செய்யும்.

பரிகாரம் இரண்டு. கீசரைட் மழைநீரில் கரைந்து சீக்கிரம் வேலை செய்யும். டோலமைட் சுண்ணாம்பு மெதுவாக வேலை செய்யும். ஆனால் மண்ணின் புளிப்பையும் குறைக்கும், விலையும் மலிவு. சுண்ணாம்பை யூரியாவோடு கலந்து போடாதீர்கள். தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். இரண்டுக்கும் சில வாரம் இடைவெளி விடுங்கள்.

கொக்கோவின் உணவு வேர்கள் மேல்மண்ணிலேயே பரந்திருக்கும். ஆகவே அடிமரத்தில் குவிக்காமல், கிளை நிழல் விழும் வட்டத்தில் பரவலாகத் தூவுங்கள். கனமழை நாளில் வேண்டாம். உடைத்த காய் ஓட்டை மக்கவைத்துத் தோட்டத்துக்கே திருப்பிக் கொடுங்கள். அதில் பொட்டாஷ் நிறைய உண்டு. கடையில் வாங்குவதைக் குறைக்கலாம்.

கருகிப்போன பழைய இலை மீண்டும் பச்சையாகாது. "உரம் போட்டும் பலன் இல்லையே" என்று கை விட்டுவிடக் கூடாது. அடுத்து வரும் இலை முதிரும்போது பாருங்கள்.

2024-இல் உலகச் சந்தையில் கொக்கோ டன்னுக்கு 10,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. அந்த விலை ஏறும், இறங்கும்; அது நம் கையில் இல்லை. ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்துக்குத் தன் கையில் இருப்பது மரம் ஒன்றுதான். உர மூட்டையைப் பிரிக்கும் முன் இலையைப் பாருங்கள். முடிந்தால் மண்ணையும் இலையையும் பரிசோதனைக்குக் கொடுத்து, மரத்துக்கு எவ்வளவு என்று அளவு கேட்டுப் போடுங்கள்.